வரிசைக்குள் வரிசை: உயிர்மெய் அட்டவணையிலிருந்து வலைநிரல் வரை



2017ஆம் ஆண்டு முதல் கணினிசார் சிந்தனை நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தொடங்கியது. அன்றுதொட்டுப் பெற்றோர் பலரிடம் ஓர் அச்சம் நிலவுவதைக் காண்கிறோம். “நிரல் எழுதுவதெல்லாம் ஆங்கிலம் நன்கு அறிந்த பட்டணத்துப் பிள்ளைகளுக்கு உரியது, நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அது எட்டுமா?” என்பதே அந்த அச்சம். ஆசிரியர் சிலரும் இக்கருத்தை மறுப்பதில்லை.

நிரலாக்கத்தில் தொடக்கநிலை மாணவர் தடுமாறும் இடங்களுள் ஒன்று, வரிசைக்குள் வரிசை வைப்பதும், அவ்வரிசைகளைச் சுற்றுக்குள் சுற்றாக வலம் வருவதும் ஆகும். வலைப்பக்கங்களை இயக்கும் பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளைக் கற்போர் அனைவரும் இந்தக் கட்டத்தைக் கடந்தே ஆகவேண்டும். ஆனால், இந்தச் சிந்தனை நமக்குப் புதியதா? அன்று, முதலாம் ஆண்டு வகுப்பின் சுவரிலேயே அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் வரலாற்றையும், அவ்வரலாற்றில் தமிழ் எழுத்துக்கு நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. தோட்டத்துப் பதிவேடு

புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் வாழும் நமக்கு முதல் எடுத்துக்காட்டு தோட்டத்திலேயே கிடைக்கிறது. கோல சிலாங்கூர் மாவட்டம் மலாயாத் தோட்டத்தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1917இல் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். தமிழ்ப் பெயர் தாங்கிய அத்தோட்டம் நாட்டின் பொருளாதார வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இரப்பர்க் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடைபெறும். ஒவ்வொரு தண்டலின் கீழும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் பல ஆட்கள். செக்ரோல் எனப்பட்ட பதிவேட்டில் கிராணி இவர்களின் வருகையைக் குறிப்பார். ஒரு தண்டலின் ஆட்களை ஒருவர் விடாமல் அழைத்து முடித்த பின்னரே அடுத்த தண்டலின் கூட்டத்திற்குச் செல்வார். தோட்டம் என்னும் பெரிய வரிசைக்குள் கூட்டம் என்னும் சிறு வரிசை, அதற்குள் ஆள், ஆளின் பெயருக்கு நேரே மாதத்தின் நாள்கள். இதுவே வரிசைக்குள் வரிசை.

பால்வெட்டும் அவ்வாறே நடந்தது. வெட்டுக்காரர் தமக்குரிய முதல் நிரையில் நுழைந்து, அதிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக முடித்து, பின்பு அடுத்த நிரைக்குத் திரும்புவார். நிரை வெளிச்சுற்று, மரம் உட்சுற்று. எழுத்தறியா நம் முன்னோரும் இந்த முறையை நாள்தோறும் காலால் நடந்து முடித்தனர்.

2. நெடுங்கணக்கு என்னும் அட்டவணை

இனி வகுப்பறைச் சுவரைப் பார்ப்போம். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216. இந்தப் பெருக்கலே ஒரு சுற்றுக்குள் மற்றொரு சுற்று. அதனைத் தமிழிலேயே கட்டளையாக எழுதிப் பார்க்கலாம்:

ஒவ்வொரு மெய்யாக எடு;
— அந்த மெய்யுடன் ஒவ்வோர் உயிராகச் சேர்த்து எழுது;
— பன்னிரண்டும் முடிந்ததும் அடுத்த வரிக்குச் செல்;
பதினெட்டு மெய்யும் முடிந்ததும் நில்.

“க, கா, கி, கீ” என்று பிள்ளைகள் ஓதும்போது மெய் வெளிச்சுற்றாகவும் உயிர் உட்சுற்றாகவும் இயங்குகின்றன. “க, ங, ச, ஞ” என்று மேலிருந்து கீழாக ஓதும்போது, இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. எழுத்துகள் அதே 216தான். அவை வெளிவரும் முறை மட்டும் வேறு. எந்தச் சுற்று வெளியே, எந்தச் சுற்று உள்ளே என்பதைத் தீர்மானிப்பது இயந்திரமன்று, எழுதுபவரின் நோக்கமே. நிரலாக்கம் கற்கும் மாணவன் முதலில் தெளிய வேண்டிய பாடமும் இதுவே.

திருக்குறள் இன்னும் ஒருபடி மேலே அழைத்துச் செல்கிறது. அதில் பால் 3. அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25 என மொத்தம் 133 அதிகாரங்கள். அதிகாரத்திற்குப் பத்துக் குறள். மூன்றடுக்கு வரிசை இது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அதிகாரத்தின் அளவு எப்போதும் பத்து. பாலின் அளவோ ஒன்றுக்கொன்று வேறு. உள்வரிசைகள் அனைத்தும் ஒரே நீளமாக இருக்கும் என்று எண்ணி, 38 என்ற எண்ணை எல்லாப் பாலுக்கும் பொருத்திச் சுற்றினால் பொருட்பாலில் 32 அதிகாரங்கள் விடுபடும். காமத்துப்பாலில் இல்லாத 13 அதிகாரங்களைத் தேட நேரிடும். எனவே, எண்ணை முன்கூட்டியே நிலைநிறுத்தாமல் “உள்ளவை அனைத்தையும் ஒவ்வொன்றாக எடு” என்று கட்டளையிடுவதே பாதுகாப்பு. இன்றைய வலைநிரல் மொழிகள் ஒவ்வொன்றிலும் இதற்கெனத் தனிக்கட்டளை உண்டு. அது எப்படி வந்தது?

3. சக்கரத்துக்குள் சக்கரம்

இயந்திரத்திற்குச் சுற்றுக்குள் சுற்றை எண்ணிப் பார்த்தவர்களுள் முன்னோடி, இங்கிலாந்து நாட்டு அடா லவ்லேஸ் அம்மையார். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி 1843இல் அவர் எழுதிய விளக்கக் குறிப்புகளில், ஒரு செயற்சுழற்சி மற்றொரு சுழற்சிக்குள் அடங்கி நடைபெறலாம் என்பதை விளக்கியுள்ளார். அந்தப் பொறியோ முழுமையாகக் கட்டப்படவே இல்லை. இயந்திரம் பிறக்கும் முன்பே சிந்தனை பிறந்துவிட்டது!

1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் வரிசைகள் மூன்று அடுக்குவரை அமையலாம். சுற்றுக்குள் சுற்றும் எழுதலாம். அறிவியல் அறிஞரின் எண் அட்டவணைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 1958இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியோ பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் மேலும் பட்டியல் என வரம்பின்றி அடுக்க இடம் தந்தது. நீளம் ஒவ்வாத உள்வரிசைகளுக்கும் ஆழம் தெரியாத வரிசைகளுக்கும் அங்கே முறையான வழி கிடைத்தது.

1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் “ஒவ்வொன்றாக எடு” என்னும் பொருளுடைய ஃபோரீச் கட்டளை 1988இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. எனினும், வரிசைக்குள் வரிசையை இயல்பாக வைக்கும் வசதி 1994இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் நம் கதையின் முதன்மை மொழியும் கருக்கொண்டது.

4. வலைநிரல் மொழிகளின் வருகை

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தம் தற்குறிப்புப் பக்கத்தைப் பார்வையிடுவோரைக் கணக்கெடுப்பதற்காக 1994இல் சில சிறு நிரல்களை எழுதினார். 1995 ஜூன் மாதத்தில் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். அதுவே பி.எச்.பி.யின் தோற்றம். 1995 மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கியிருந்தார். ஒன்று வழங்கியில் இயங்குவது. மற்றொன்று உலாவியில் இயங்குவது.

1998இல் சீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் ஆகியோரின் பங்களிப்புடன் பி.எச்.பி. மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் ஃபோரீச் இல்லை. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் “இப்போது எந்த உறுப்பில் நிற்கிறோம்” என்று காட்டும் ஒரு சுட்டுமுள் இருக்கும். அதனை ஒவ்வோர் அடியாக நகர்த்தியே வலம் வரவேண்டும். ஒரே உள்வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது, ஒவ்வொரு முறையும் சுட்டுமுள்ளைத் தொடக்கத்திற்குக் கொண்டுவருவது நிரல் எழுதுபவரின் கடமை. தவறினால் என்ன ஆகும்? உயிர்மெய் அட்டவணையையே கொள்வோம். ககர வரி பன்னிரண்டும் சரியாக வெளிவரும். அப்போது உயிர்வரிசையின் சுட்டுமுள் இறுதியில் நிற்கும். ஙகர வரியைத் தொடங்கும்போது உட்சுற்று “எடுப்பதற்கு ஒன்றுமில்லை” என்று உடனே முடிந்துவிடும். 216 எழுத்துகளுக்குப் பதிலாக 12 மட்டுமே மிஞ்சும்!

2000 மே மாதத்தில் வெளிவந்த நான்காம் பதிப்பு ஃபோரீச் கட்டளையைக் கொண்டுவந்து இத்தொல்லையைத் தீர்த்தது. ஒவ்வொரு முறையும் வரிசையின் முதலிலிருந்தே அது தொடங்கியது. 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு, எத்தனை அடுக்கு ஆழமாயினும் உட்சென்று ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுவரும் செயற்கூற்றையும் தந்தது. பழைய சுட்டுமுள் நகர்த்தும் கட்டளை 2020இல் எட்டாம் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இணையான வசதிகள் 2009ஆம், 2015ஆம் ஆண்டுகளின் தரநிலைகளில் இடம்பெற்றன.

இவ்வளவு வசதி வந்தபின் தமிழுக்கு என்ன குறை? குறை வரிசையிலன்று, வரிசையின் உறுப்பாகிய எழுத்திலே இருந்தது.

5. எழுத்து எது?

“தமிழ்” என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டால், “மூன்று” என்பான். பி.எச்.பி.யின் அடிப்படை நீளக் கட்டளையைக் கேட்டால் “15” என்னும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் “5” என்னும். யார் சொல்வது சரி?

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் உயிர்மெய் 216க்கும் தனித்தனி இடமில்லை. “க” ஒரு குறி. இகரக்குறி ஒரு குறி. இரண்டும் சேர்ந்தால் “கி”. புள்ளியும் ஒரு தனிக்குறி. நம் இலக்கணத்தில் க் என்னும் மெய்யுடன் அகரம் சேர்ந்து க பிறக்கிறது. இயந்திரத்திலோ க முதலில் நிற்கிறது. புள்ளி வந்து அதன் அகரத்தை நீக்கிய பின்னரே க் கிடைக்கிறது. இலக்கணம் நடக்கும் வழியில் இயந்திரம் பின்னோக்கி நடக்கிறது!

ஆகவே, “தமிழ்” என்பது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட்டுகள். ஐமூன்று பதினைந்து. உண்மையில் ஒரு தமிழ்ச்சொல்லே வரிசைக்குள் வரிசைதான்: சொல்லுக்குள் எழுத்து, எழுத்துக்குள் குறி, குறிக்குள் பைட்டு. எந்த அடுக்கில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. தமிழ்க்கல்விக்கு உரிய அடுக்கு எழுத்து என்னும் அடுக்கே; மற்றவை இயந்திரத்தின் உள்விவகாரம்.

இது வெறும் எண்ணிக்கைச் சிக்கலன்று. மாலைமாற்றுக்குப் பிள்ளைகள் விரும்பும் எடுத்துக்காட்டு “விகடகவி”. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகமே பாடியுள்ளார். ஆனால், குறி குறியாகச் சுற்றிவரும் நிரலிடம் இச்சொல்லைக் கொடுத்தால், ஏழு குறிகளைத் திருப்பிப் போட்டு, இகரக்குறியை முதலில் வைத்து, “இது மாலைமாற்று அன்று” என்று தீர்ப்பளிக்கும். இத்தகைய நிரலால் இயங்கும் இணையப் புதிரில் சரியான விடையளித்த குழந்தைக்குத் தவறு என்ற குறி விழும். தான் கற்ற தமிழ் தவறு போலும் என்று அக்குழந்தை எண்ணாதா? இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் வயதல்லவா அது!

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருங்குறியின் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அங்கே “ந”வை அடுத்து “ன” நிற்கிறது; “ர”வை அடுத்து “ற” நிற்கிறது; “வ” என்பது “ழ”வுக்குப் பின் வருகிறது. இடையே “ஜ”வும் உண்டு. எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே சுற்றும் நிரல், பிள்ளைகளுக்குப் பிழையான அட்டவணையையே தரும். சரியான வழி, க முதல் ன வரையிலான பதினெட்டையும் நம் மரபு முறையில் ஒரு வரிசையாக நாமே எழுதித் தருவதாகும். உயிர்க்குறி வரிசையில் பன்னிரண்டு இடம் வேண்டும், குறிகளோ பதினொன்றே. முதலிடம் வெற்றிடமாக நிற்க வேண்டும். அகரத்திற்குத் தனிக்குறி இல்லை என்ற இலக்கண அறிவு இல்லாதவர் இந்த இடத்தில் இடறுவார்.

6. பிறக்காத ஆறாம் பதிப்பு

இந்தச் சிக்கலை மொழியின் அடித்தளத்திலேயே தீர்க்கும் முயற்சி ஒன்று நடந்தது. பி.எச்.பி. ஆறாம் பதிப்பை ஒருங்குறியை இயல்பாக ஏற்கும் மொழியாக மாற்றும் பணி 2005இல் தொடங்கியது. வேலை கடினமானது, வேகமும் குறைந்தது. 2010இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆறு என்ற எண்ணையே தாண்டி, 2015 டிசம்பரில் ஏழாம் பதிப்பு வந்தது. இன்றும் பி.எச்.பி.யின் சரம் என்பது அடிப்படையில் பைட்டுகளின் வரிசையே.

எனினும், வழி முற்றும் அடைபடவில்லை. 2009இல் வந்த 5.3 பதிப்புடன் சேர்ந்த பன்னாட்டு மொழிக்கூறு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அலகாகக் கொண்டு எண்ணும் செயற்கூறுகளைத் தந்தது. அதனிடம் கேட்டால் “தமிழ்” மூன்றெழுத்தே. 2024 நவம்பரில் வந்த 8.4 பதிப்பு, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து வரிசையாக்கித் தரும் செயற்கூற்றையும் சேர்த்தது. ஜாவாஸ்கிரிப்டிலும் எழுத்துப் பிரிப்பான் வசதி 2020 முதல் உலாவிகளில் வரத் தொடங்கி, 2024இல் முதன்மை உலாவிகள் அனைத்திலும் நிறைவுற்றது. 2000இல் ஃபோரீச் பெற்ற மொழி, தமிழ் எழுத்தை எழுத்தாகவே பிரித்துத் தரும் நேரடி வசதியைப் பெற 24 ஆண்டுகள் ஆயின!

இதற்கிடையில் தமிழர்கள் வாளாவிருக்கவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1980களின் நடுப்பகுதியிலேயே இந்நாட்டில் முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. 2010இல் தமிழக அரசு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்னும் குறியீட்டு முறையையும் ஒருங்குறியுடன் ஏற்றது. தமிழ்ச்சொற்களாலேயே கட்டளை எழுதும் எழில் என்ற நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார். தமிழ் எழுத்துகளை முறையாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் என்ற நிரல்தொகுப்பிலும் அவரின் பங்களிப்பு பெரிது.

7. நாம் செய்யக்கூடியவை

அ) கணினிக்குமுன் தரையில் தொடங்குவோம். பதினெட்டு மாணவர்க்கு மெய்யட்டை, பன்னிரண்டு மாணவர்க்கு உயிரட்டை. மெய்யட்டை ஏந்திய மாணவர் முன்னே வந்து நிற்க, உயிரட்டை ஏந்தியோர் ஒவ்வொருவராக அவரிடம் செல்லட்டும். சிறிய பள்ளியாயின் நான்கு மெய்யும் மூன்று உயிரும் போதும். பன்னிரண்டு உயிர்மெய் பிறக்கும். பின்னர் இரு குழுவினரும் இடம் மாறட்டும். வெளிச்சுற்றும் உட்சுற்றும் அவர்களுக்கே விளங்கிவிடும்.

ஆ) குறள் எண்ணிலிருந்து அதிகாரத்தைக் கண்டுபிடிக்கச் செய்வோம். எண்ணில் ஒன்றைக் கழித்து, பத்தால் வகுத்து, மீதியை விட்டு, ஒன்றைக் கூட்டவேண்டும். 391ஆம் குறள்? 390ஐப் பத்தால் வகுத்தால் 39. ஒன்று கூட்ட 40. அதுவே கல்வி அதிகாரம். அடுக்கு வரிசையில் இடம் காணும் கணக்கு இதுதான்.

இ) தமிழ்ப் புதிர் இணையத்தளங்களையும் செயலிகளையும் பிள்ளைகளிடம் தருமுன், “தமிழ்”, “விகடகவி” ஆகிய இரு சொற்களை இட்டுச் சோதிப்போம். எழுத்தை மூன்றென்றும் ஐந்தென்றும் சொல்லாதவற்றை ஒதுக்குவோம்.

ஈ) பெற்றோர் தாம் தோட்டத்தில் கண்ட பெரட்டையும் செக்ரோலையும் பிள்ளைகளுக்கு விளக்கலாம். தாத்தாவின் பெயர் எந்தத் தண்டலின் கீழ் இருந்தது என்று கேட்கும் பிள்ளை, குடும்ப வரலாற்றையும் அடுக்கு வரிசையையும் ஒருங்கே கற்கும்.

அன்பர்களே, இயந்திரத்திற்கு வேகம் உண்டு; வரிசை தெரியாது. எது வெளியே, எது உள்ளே, எது எழுத்து என்பவற்றை மனிதரே சொல்லித் தரவேண்டும். தமிழ் எழுத்தின் வரிசையை அறிந்தவர் நிரல் எழுதவில்லையென்றால், அறியாதவர் எழுதிய நிரலுக்கே நம் பிள்ளைகள் விடை சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, நிரலாக்கப் பாடத்தில் தமிழாசிரியர் வெளியே நிற்க வேண்டியதில்லை. நெடுங்கணக்கைக் கற்பிப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அதன் முதற்பாடத்தை ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.

சிந்திப்போம், செயல்படுவோம்.